கடல்வரை போய்ச் சிக்கன் ரைஸா?

தூத்துக்குடியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த பிள்ளையிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் சிக்கன் ரைஸ் என்கிறான். பக்கத்துத் தெருப் பிள்ளை ஷவர்மா என்கிறது. இன்னொன்று பீட்சா, அதுவும் சீஸ் கூடுதலாகப் போட்டது. மீன் சாப்பிட்டேன் என்று சொல்லும் பிள்ளையை நம் ஆமத்தூரில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. என்ன மீன் என்று கேட்டால் அதற்கும் பதில் வராது. "மீன்தான்" என்பார்கள்.

பெற்றோர்களே, வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி, அறைக்கு வாடகை கொடுத்து, கடல் இருக்கும் ஊரில் போய் இறங்கி, சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் கிடைப்பதையே வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருகிறோம். பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள் என்பீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்ததைத்தான் கேட்கத் தெரியும். தெரியாததைத் தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "இதைத் தின்னு பார்" என்று சொல்வதற்குத்தானே அப்பா அம்மா என்று இரண்டு பேர் கூடப் போகிறோம்?

வெளியூர் போவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. திங்கள் முதல் சனி வரை பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று ஓடுகிறவர்கள் நாம். வருஷத்தில் ஒரு சனி ஞாயிறு குடும்பத்தோடு கிளம்பி நாலு வேளை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவது நியாயமான ஆசை. அதற்கு யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று நமக்குத் தெரியும் என்பதால்தான், அது இப்படி வீணாகப் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதல் கோளாறு, நாம் கிளம்பும் நேரம். நம் வட்டாரத்தில் குடும்பமாக வெளியூர் போவது இரண்டே காலத்தில்தான். ஒன்று, தீபாவளி முடிந்து ஆலைகள் திறக்கும்வரை உள்ள லீவு, கையில் போனஸும் இருக்கும். இன்னொன்று, மே மாத விடுமுறை. இந்த இரண்டு காலத்திலும் தூத்துக்குடிக் கடல் மீன் கொடுக்கும் நிலையில் இருக்காது. தீபாவளியை ஒட்டி வடகிழக்குப் பருவமழை, காற்று, புயல் எச்சரிக்கை. கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வந்தால் படகுகள் கரையிலேயே கிடக்கும். போதாததற்கு அமாவாசை கழிந்த மறுநாளே கந்த சஷ்டி தொடங்கிவிடும். தூத்துக்குடி போகிறவர்கள் திருச்செந்தூரை விட்டுவிட்டு வருவதில்லை. வீட்டில் ஒருவர் விரதம் என்றாலும் எல்லோருக்கும் மீன் கிடையாது. சூரசம்ஹாரம் வரைக்கும் அந்தச் சாலையில் வண்டி நகர்வதும் பெரும்பாடு.

மே மாதம் வேறு கதை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விசைப்படகுகளை நிறுத்தி வைக்கிறார்கள். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 ஆக்கினார்கள். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அதனால் மீன் அடியோடு இல்லாமல் போய்விடாது. ஆனால் வரத்து குறைவு, விலை ஏறிவிடும், மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வருவதும் தட்டுக்கு வரும். அந்த நேரத்தில் போய் உட்கார்ந்து "பெரிய சீலா இல்லையா, இறால் இல்லையா" என்று சப்ளையரிடம் கோபப்படும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மாசம் படகு ஏன் நிற்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு இரண்டு வரியில் சொல்லியிருக்கலாம். பாடப் புத்தகத்தில் படிக்க வேண்டிய விஷயம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது, கையைக் காட்டினால் போதும்.

அப்படியானால் எப்போது போவது? தை, மாசி நல்ல மாதங்கள். பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறிக் காப்புக் கட்டிவிட்டால் நம்மில் பலர் வெளியூரில் ராத்தங்க மாட்டோம், அதற்கு முன்னால் போய்வந்துவிடலாம். அதை விட்டால் ஜூன் 15-க்கு மேல் செப்டம்பர் வரை. தடை முடிந்த முதல் வாரம் கூட்டமும் விலையும் அதிகமாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் போங்கள். ஆனி, ஆடியில் காற்று ஓங்கி அடித்தால் அப்போதும் எச்சரிக்கை வரும். வெள்ளிக்கிழமையே செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

கிழமையும் முக்கியம். நாம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, மத்தியானம் மீன் சாப்பாடு என்று போய் நிற்கிறோம். தூத்துக்குடிக் கடற்கரை மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிறு அவர்களுக்குப் பூசைக்கும் ஓய்வுக்கும் உள்ள நாள், கடலுக்குப் போக மாட்டார்கள். ஐந்நூறு வருஷத்துக்குக் கிட்ட வரும் வழக்கம் அது. 1530-களில் போர்ச்சுக்கீசியர் காலத்தில் முத்துக்குளித்துறைப் பரதவர் மதம் மாறியதிலிருந்து தொடங்கும் கதை. வாரத்தில் அந்த ஊருக்கு மீன் நாள் என்றால் சனிக்கிழமைதான். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகுகள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் முடித்து அன்றைக்குத்தான் கரைக்கு வரும். சீலா, பாறை, விளைமீன், ஊளி, நண்டு, சாளை என்று கரை முழுக்க ஏலம் நடக்கும். சனிக்கிழமை வரத்து எப்படி, விலை எப்படி என்று பத்திரிகையில் தனியாகச் செய்தியே போடுகிற ஊர் அது.

சனிக்கிழமை நமக்கு வேலை நாள், சம்பள நாள் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போகும். வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமையைத்தான் கேட்கிறேன். அதுவும் முடியாது என்றால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சாயங்காலம் கிளம்புங்கள். விசைப்படகுகள் விடியக்காலை புறப்பட்டு ராத்திரி ஒன்பது மணி வாக்கில் மீன்பிடித் துறைமுகத்துக்குத் திரும்பும். அறையில் பையை வைத்ததும் டிவி போடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய், வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நில்லுங்கள். கூடை கூடையாக மீன் இறங்குவது, கொட்டுவது, தரம் பிரிப்பது, ஐஸ் உடைத்துப் போடுவது எல்லாம் கண் முன்னால் நடக்கும். ஏலக்காரர் ஒரு விலையில் தொடங்கி மூச்சு விடாமல் ஏற்றிக்கொண்டே போவார். வாங்க வந்த பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள், ஒரு தலையசைப்பில் கூடை கைமாறும். எந்தக் கூடை யாருக்குப் போனது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பிள்ளை அரைமணி நேரம் போனைத் தேடாது.

அங்கே நடக்கும் ஒரு காரியத்தைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. போய் இறங்கியதும் நம் பிள்ளைகள் மூக்கைப் பிடிக்கிறார்கள். அது பிள்ளை, பிடிக்கத்தான் செய்யும். ஆனால் அம்மாவும் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு "ஐயே, என்ன நாத்தம், வா போவோம்" என்கிறாள். மீனை வெட்டிக்கொண்டிருக்கும் பெண்ணின் காதில் விழும்படி சொல்கிறாள்.

நாம் யார்? சாயங்காலம் ஆலை வேனிலிருந்து இறங்கும் நம் பெண்களின் கையிலும் கழுத்திலும் அலுமினியப் பவுடர் வெள்ளியாகப் பூத்திருக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் மருந்து வாசனை போகாது, குழந்தையைத் தூக்கினால் குழந்தை மேலும் ஏறும். அந்தக் கையைப் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர் மூக்கைச் சுளித்தால் நமக்கு எப்படி இருக்கும்? தீபாவளிக்குத் தீபாவளி வெடிக்கிறவர்களுக்கு நம் பாடு தெரிகிறதா என்று ஆதங்கப்படுகிறோம். ஒரு சரம் கட்டுவதற்கு எத்தனை விரல் வேலை, ஒரு வெயில் நாள் தவறினால் என்ன ஆகும், ஒரு உராய்வில் எத்தனை வீடு இருண்டு போகும் என்று யாருக்காவது அக்கறை உண்டா என்று கேட்கிறோம். கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. அதே நாம் இன்னொரு ஊருக்குப் போய், உயிரைக் கொடுத்துக் கடலில் இறங்குகிறவர்களின் முன்னால் மூக்கைப் பொத்தினால் அந்த உரிமை எங்கே போகிறது? உங்கள் பிள்ளையிடம் அங்கேயே, அப்போதே, "கையை எடு" என்று சொல்லுங்கள். தனியாக அழைத்துப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

இனி முள்ளுக்கு வருகிறேன். மீன் கொடுக்காததற்கு நம் வீடுகளில் சொல்லும் காரணம் முள்ளு. கொடுக்கிற வீட்டிலும் சீலா துண்டு வறுவல் மட்டும்தான், அதில் நடு முள்ளை எடுத்துவிட்டால் கவலை இல்லை என்பதால். சீலா நல்ல மீன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கிலோ ஆயிரம் ரூபாயைத் தொடுகிற நாட்களில் குடும்பம் முழுக்கச் சாப்பிட்டால் பர்ஸ் காலி. அதற்கு எத்தனையோ மடங்கு மலிவான சாளையும் நெத்திலியும் அயிலையும் பக்கத்திலேயே கிடக்கின்றன. ருசியில் குறைவில்லை. நெத்திலியை வறுத்தால் தலையைக் கிள்ளிவிட்டு முள்ளோடு கடித்துத் தின்னலாம், வளரும் பிள்ளைக்குச் சுண்ணாம்புச் சத்து அதில் இருக்கிறது. சாளையிலும் அயிலையிலும் உள்ள ஒமேகா கொழுப்புக்காகத்தான் மருந்துக் கடையில் மீன் எண்ணெய் மாத்திரை விற்கிறார்கள். மாத்திரை வாங்கிக் கொடுப்போம், மீன் வாங்கிக் கொடுக்க மாட்டோம்.

சாளையில் முள் எடுப்பது அப்படி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழம்பில் வெந்த மீனை முதுகுப் பக்கம் விரலால் லேசாக அழுத்தினால் சதை இரண்டாக விலகும். மேல் பாதியை அப்படியே எடுத்துவிட வேண்டும். தலைப் பக்கத்தில் நடு முள்ளைப் பிடித்து வாலை நோக்கி மெதுவாகத் தூக்கினால் சீப்போடு வந்துவிடும். வயிற்றோரத்தில் மிச்சம் இருக்கும் மெல்லிய முட்களை விரலால் தடவிப் பார்த்து ஒதுக்க வேண்டும். கண்ணைவிட விரல்தான் முள்ளைக் கண்டுபிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன், ஸ்பூனைத் தூரப் போடுங்கள். முதல் இரண்டு மீனை நீங்கள் எடுத்துக் காட்டுங்கள், மூன்றாவதைப் பிள்ளை கையில் விடுங்கள். சிறுபிள்ளை என்றால் நீங்களே ஒருதரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அவசரப்படாமல், பேசாமல், தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற பழக்கம் மீன் தின்கிற பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு சாளை தின்ன முடியாது. இதற்காகவே நான் சாளைக்கு ஓட்டுப் போடுவேன்.

நம் அப்பத்தாக்கள் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் கடலை நாக்கால் அறிந்திருந்தார்கள். சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கிக் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள். வாளைக் கருவாடு எது, சீலாக் கருவாடு எது என்று தொடாமலே சொன்னார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கிடைக்குமா என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்து வாங்கிப் புட்டுச் செய்து கொடுத்தார்கள். அவர்களுக்குக் காரும் இல்லை, நாலுவழிச் சாலையும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது, இரண்டரை மணி நேரத்தில் கடலைத் தொட்டுவிடுகிறோம். நம் பிள்ளைக்கோ கட்லாவுக்கும் ஜிலேபிக்கும் மேல் ஒரு மீன் பெயர் தெரியவில்லை.

போகும்போதே ஆரம்பிக்க வேண்டிய காரியம் இது. சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய் என்று வழியெல்லாம் நல்ல தீனி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்திச் சிப்ஸ் பாக்கெட் வாங்குவதைவிட இதில் எது குறைந்துவிட்டது? கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாகப் போங்கள். பாரதி வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல காரியம். அதே ஊரில்தான் 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார் என்பதையும் சொல்லுங்கள். நம் விருதுநகரில் பிறந்தவர், பிள்ளை பசியோடு பள்ளிக்கூடத்தில் உட்காரக் கூடாது என்று நினைத்தவர். அவர் ஊர்ப் பிள்ளைகள் தட்டில் பாதி வைத்துவிட்டு எழுந்திருக்கிறார்கள். ஏசி ஹோட்டலில் பக்கத்து மேசையைப் பாருங்கள்: நாலு பேருக்கு ஏழு ஐட்டம், அதில் மூன்று தொடாமலே திரும்பிப் போகும். "காசு கொடுத்தாச்சுல்ல, வை" என்று அம்மாவே சொல்கிறாள். மிச்சத்தைக் கட்டிக் கொடுங்கள் என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமே இல்லை. முதலிலேயே இரண்டு ஐட்டம் சொல்லி, அது தீர்ந்த பிறகு அடுத்ததைச் சொன்னால் கட்டுகிற வேலையும் இல்லை.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அறை போட்டதும் "இதோ வந்துடறேன்" என்று கழன்றுகொள்கிறீர்கள். எங்கே போகிறீர்கள் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். ராத்திரி பத்து மணிக்குத் திரும்பி வரும்போது பிள்ளை பரோட்டா பார்சலைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போயிருக்கும், வீட்டுக்காரி சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பாள். ஊரில் இருந்தாலும் இதேதான் நடக்கும் என்றால் தூத்துக்குடி வரை எதற்கு? அந்த இரண்டு ராத்திரியும் நீங்கள் பிள்ளைகளுக்கு உரியவர். பாட்டிலுக்குப் போகும் காசில் ஒரு கிலோ நண்டு வரும்.

அம்மாக்களையும் விடுவதற்கில்லை. வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு நாளைக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு வேளைக்குக் கட்டுங்கள், வழியில் மரத்தடியில் சாப்பிட நன்றாகத்தான் இருக்கும். மற்ற வேளைகளில் அடுப்பையும் தூக்கையும் மறந்துவிட்டு இன்னொருத்தி சமைத்ததைச் சாப்பிடுங்கள். வருஷம் முழுக்கச் சமைத்த கைக்கு அது கிடைக்க வேண்டும். எந்தக் கடை என்று கேட்கிறீர்களா? பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள். துறைமுகத்திலும் மார்க்கெட்டிலும் வேலை செய்கிறவர்கள் மத்தியானம் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், அங்கே போங்கள். இன்றைக்கு என்ன மீன் என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்து வந்த மீனைக் கேட்காதீர்கள், வந்திருக்கிற மீனைக் கேளுங்கள். தேங்காய் அரைத்து விட்ட குழம்பும் கணவாய்த் தொக்கும் இருந்தால் அதற்கு மேல் வறுவல்கூட வேண்டாம். சொந்தக்காரர் வீடு அங்கே இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். சனிக்கிழமை மீனை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். ராத்திரி வைத்த குழம்பு ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்கு வரும்போதுதான் புளியும் உறைப்பும் மீனுக்குள் இறங்கியிருக்கும். ஞாயிறு படகு போகாததை அப்போது யாரும் நினைக்கக்கூட மாட்டார்கள்.

பரோட்டாவைப் பற்றிக் கேட்பீர்கள். எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்குப் பேர்போன விருதுநகரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு ஊர்ப் பரோட்டாவா என்று சிலர், தூத்துக்குடி பரோட்டா இல்லாமல் என்ன பயணம் என்று சிலர். ஒரு ராத்திரி சாப்பிடுங்கள், சால்னா வேறு மாதிரி என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். ஆனால் மூன்று வேளையும் அதுவேயென்றால் நான் சம்மதிக்க மாட்டேன். மக்ரூனுக்கு எந்தத் தடையும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கருவை நுரை பொங்க அடித்து, சர்க்கரையும் முந்திரித் தூளும் சேர்த்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நேரமெடுத்துக் காயவிட்டு எடுப்பது. நாக்கில் வைத்தால் கரைந்துவிடும், கடைசியில் முந்திரி மட்டும் பல்லில் நிற்கும். போர்ச்சுக்கீசியர் விட்டுப் போன பலகாரம் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். முந்திரி குறைத்துச் சர்க்கரை கூட்டியதும் சந்தையில் உண்டு, ஆகவே முதலில் ஒன்று வாங்கிப் பிள்ளையைத் தின்னச் சொல்லிவிட்டுப் பிறகு பெட்டி வாங்குங்கள். வாங்கினதை ஈரம் படாமல் மூடி வையுங்கள்.

திரும்பி வரும்போது உப்பளத்துப் பக்கம் ஒரு பத்து நிமிஷம் வண்டியை நிறுத்தச் சொல்வேன். தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு இந்த மாவட்டத்திலிருந்து வருகிறது. வெயில் ஏறினால் வெள்ளை உப்பு கண்ணைக் கூசும், அதனால் பொழுது விடியுமுன்னே பாத்திக்குள் இறங்கிவிடுகிறார்கள். மழை பிடித்துவிட்டால் வேலையே இல்லை. நம் ஆலைகளும் அப்படித்தானே? மருந்து காய வெயில் வேண்டும், உப்பு விளைய வெயில் வேண்டும், இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்துத்தான் அந்த வாரக் கூலி. இதை நம் பிள்ளைகளிடம் விளக்க வேண்டியதே இல்லை, ஒரு பாத்தியைக் காட்டினால் பட்டென்று பிடித்துக்கொள்வார்கள். பட்டாசுக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வெயிலின் விலை தெரியும்.

இந்த ஆண்டு ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறேன். ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, விருப்பப்பட்ட நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே வேனில் போகலாம். காற்று எச்சரிக்கை இருந்தால் அடுத்த வாரம். வாடகையும் குறையும், பிள்ளைகளுக்கும் கூட்டு இருக்கும். ஆளுக்கு ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து, அதன் பெயரை விற்கிறவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, அழுத்தினால் சதை எழும்புகிறதா என்று பார்த்து வாங்குவது பிள்ளைகள் வேலை. விலை பேசுவதும் அவர்களே பேசட்டும், கொஞ்சம் ஏமாந்தாலும் பரவாயில்லை. வருகிறவர்கள் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் என்னிடம் சொல்லுங்கள். வீட்டில் தெர்மாகோல் பெட்டி இருக்கிறவர்கள் கையோடு கொண்டுவாருங்கள், ஐஸை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஊர் வந்து சேர ராத்திரி ஆகும் என்பதால் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் மசாலா அரைத்து வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.